முதல் நாள் கூட வந்த அண்ணாவுக்கு நன்றி

கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் சேர்ந்த அன்று, ஹெல்மெட்டும் ஐடி கார்டும் கொடுத்து உள்ளே அனுப்பினார்கள். அவ்வளவுதான். யாரைப் பார்ப்பது என்றுகூடச் சொல்லவில்லை.

திருதிருவென நின்றவனை, நைட் ஷிப்ட் முடிந்து கிளம்பிய நீங்கள்தான் கூப்பிட்டீர்கள். "வா தம்பி, சாப்டியா?" பஸ்ஸை விட்டுவிட்டு பிளான்ட் முழுக்கக் கூட்டிப்போனீர்கள். மேலே ஆடிய, காற்றின் திசை காட்டும் ஆரஞ்சு துணிக்குழாயான விண்ட்சாக்கைக் காட்டி, "கேஸ் கசிஞ்சா முதல்ல இதப் பாரு. காத்து போற பக்கம் ஓடாத, குறுக்கால விலகு" என்றீர்கள். ஆசிட் கண்ணில் தெறித்தால் 15 நிமிஷமாவது கழுவணும் என்று சொல்லி, கண் கழுவும் ஐவாஷ் குழாயின் பெடலை என்னையே மிதிக்க வைத்தீர்கள். வேலை மாறினாலும் மாறாத பிஎஃப் எண்ணான, பழைய 12 இலக்க யூஏஎன்னையே கம்பெனியில் கொடுக்கச் சொன்னதும் நீங்கள்தான். இதெல்லாம் கம்பெனி சொல்லித்தர வேண்டியது அண்ணா.

காண்ட்ராக்ட் முடிந்து போய்விட்டீர்களாம். குடிகாடு பக்கம் இந்த அண்ணாவைத் தெரிந்தவர்கள் அவரிடம் இதைக் காட்டுங்கள். ரொம்ப நன்றி அண்ணா.