போனை வாங்குவது கடைசி வேலை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முதியோர் இல்லம் ஒரு மூலையில், பள்ளி ஒரு மூலையில், அலுவலகம் தெருவைத் தாண்டி என்று நாலைந்து கட்டடங்களில் நடக்கும் தொண்டு நிறுவனங்கள் பழைய இன்டர்காமைக் கழற்றிவிட்டு இன்டர்நெட் போனுக்கு மாறி வருகின்றன. நன்கொடை வந்ததும் முதலில் வாங்குவது போனைத்தான். அது கடைசியாக வாங்க வேண்டிய பொருள். குரல் விட்டுவிட்டு வருகிறது, ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது என்னும் புகார்களில் போனின் குற்றம் குறைவு. கட்டடங்களுக்கு நடுவே போகும் கேபிள், கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் சுவிட்ச், எல்லாவற்றையும் இன்டர்நெட்டோடு சேர்க்கும் ரவுட்டர் இம்மூன்றையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கேட்-6 என்னும் நெட்வொர்க் காப்பர் கேபிளுக்கு எல்லை 100 மீட்டர். சுவருக்குள் 90, இரு முனையிலும் செருகும் குட்டைக் கேபிள்களுக்கு (பேட்ச் கார்டு) 10 என்று கணக்கு. 'எங்களுக்கு 40 மீட்டர்தானே' என்று வெளியில் காப்பரை இழுத்துவிடுகிறார்கள். தூரம் அங்கே பிரச்சினையே இல்லை. இரண்டு கட்டடங்களின் எர்த்தும் ஒரே அளவில் இருக்காது. பக்கத்தில் எங்காவது இடி விழுந்தால் அந்தக் கம்பி வழியாகவே மின்சாரம் பாய்ந்து இரு முனையிலும் சுவிட்சின் போர்ட்டுகள் (கேபிள் செருகும் துளைகள்) கருகும். மின்சாரம் கடத்தாத கண்ணாடி இழைக்கு (ஃபைபர்) அந்தத் தொல்லை கிடையாது. ஆகவே கட்டடத்துக்குக் கட்டடம், ஒளி ஒரே பாதையில் போகும் சிங்கிள் மோடு ஃபைபர்தான். இரும்புக் கவசம் போட்ட ஃபைபர் என்றால் கவசம் மின்சாரம் கடத்தும். கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் அதை எர்த் செய்ய வேண்டும்.

தேவை 2 கோர் (இழை) என்றாலும் 12 கோர் போடுங்கள். செலவெல்லாம் பள்ளம் தோண்டுவதில்தான், கூடுதல் இழையில் அல்ல. குழாய்க்குள் ஒரு நைலான் கயிற்றையும் விட்டுவைத்தால் அடுத்த கேபிளுக்கு மறுபடி தோண்ட வேண்டாம். ஒரே இழையில் போகவும் வரவும் செய்யும் எஸ்எஃப்பி மாட்யூல் (ஃபைபரைச் சுவிட்சில் இணைக்கும் சிறு கருவி) வாங்கினால் ஜோடி பார்த்து வாங்குங்கள்: ஒரு முனை 1310 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அனுப்பி 1550-இல் பெறும், எதிர்முனை நேர்மாறு. இரண்டும் ஒரே வகையாக வந்துவிட்டால் லிங்க் விளக்கு எரியாது. இழையில் ஒளி போகும் மையம் 9 மைக்ரான்தான். விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்கு அதை மறைக்கப் போதும். மூடியைக் கழற்றினால், துடைத்துவிட்டே செருக வேண்டும்.

தெருவைத் தாண்ட அனுமதி கிடைக்காவிட்டால் மொட்டைமாடிக்கு மொட்டைமாடி 5 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் இணைப்பு கைகொடுக்கும். எதிர்முனை கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. 500 மீட்டர் தூரமானால், நடுவழியில் நேர்கோட்டைச் சுற்றி ஒன்றரை மீட்டராவது காலியாக இருக்க வேண்டும். இலையுதிர்ந்த மரத்தைப் பார்த்து ஆன்டெனா கட்டினால், துளிர்த்த பிறகு, அதுவும் மழையில் இலை நனைந்தால், இணைப்பு தள்ளாடும்.

கட்டடத்துக்குள் வரும்போது முதல் எதிரி மலிவு கேபிள். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய கம்பி. கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். சுவிட்சிலிருந்தே போனுக்கு மின்சாரம் அனுப்பும்போது அது சூடாகும், வோல்டேஜ் இறங்கும். அடுத்து வாட் கணக்கு. சுவிட்சில் 24 போர்ட் இருப்பதால் 24 கருவிக்கும் மின்சாரம் வரும் என்று அர்த்தமில்லை. போனுக்கு 5 வாட், வைஃபை கருவிக்கு 15 வாட் என்றால், 16 போனும் 6 வைஃபையும் 170 வாட் கேட்கும். 120 வாட் சுவிட்ச் வாங்கியிருந்தால் சில கருவிகள் எழாது. எந்தப் போன் பழுது என்று ஒருவாரம் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

போன்களுக்குத் தனி வி-லேன் (அதே கம்பியிலேயே பிரித்து ஓட்டும் தனி நெட்வொர்க்) வேண்டும். சுவிட்ச் ஒவ்வொன்றிலும், இணைப்பில் வளையம் உண்டானால் அதை அடைக்கும் ஸ்பானிங் ட்ரீ ஓட வேண்டும். காரணம் சின்னது: போனின் பின்னால் இரண்டு துளை, ஒன்று சுவருக்கு, ஒன்று கணினிக்கு. மேசையைத் துடைத்தவர் தொங்கும் கேபிளைப் பார்த்து, நல்லெண்ணத்தோடு அதையும் சுவரிலேயே செருகிவிடுவார். ஸ்பானிங் ட்ரீ இல்லாவிட்டால், ஒரே பாக்கெட் (தகவல் துண்டு) வளையத்தில் சுற்றிச் சுற்றிப் பெருகி எல்லாக் கட்டடமும் படுத்துவிடும்.

குரலை டிஜிட்டலாக்கும் முறைகளில் ஒன்றான ஜி.711 கோடெக்கில் ஒரு அழைப்புக்கு ஒரு திசையில் விநாடிக்குச் சுமார் 87 கிலோபிட் ஆகும். பத்துப் பேர் பேசினாலும் 1 மெகாபிட்டுக்குள்தான். பின் ஏன் குரல் உடைகிறது? கேமரா பதிவும் புகைப்படங்களும் மேலே ஏறும்போது அப்லோடு நிரம்பிவிடுகிறது. ரவுட்டரில் அப்லோடை உண்மையான வேகத்தில் 90 சதவீதத்துக்குக் கட்டி, குரலை முன்னால் விடுங்கள். இன்டர்நெட் போன் அழைப்பை ஏற்படுத்தும் நெறிமுறைக்கு சிப் (SIP) என்று பெயர். அதன் பாக்கெட்டுகளைத் திருத்தும் சிப் ஏஎல்ஜி என்றொரு வசதி பல ரவுட்டர்களில் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். உதவுவதாகச் சொல்லிக்கொண்டு முகவரிகளைக் குழப்பும். அணைத்துவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் குரல் கேட்டாலும், அழைப்பு சரியாக 32 விநாடியில் அறுந்தாலும் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும். அந்த 32 தற்செயலல்ல. அழைப்பை எடுத்ததற்கு மறுமுனையின் ஒப்புதல் வராவிட்டால் சிப் நெறிமுறை காத்திருக்கும் நேரம் அது.

எக்ஸ்டென்ஷன் 101, கடவுச்சொல்லும் 101 என்று வைத்தால் இரவோடு இரவாக உங்கள் கணக்கில் வெளிநாட்டுக்குப் பேசிவிடுவார்கள். தேவையில்லாத இடத்தில் வெளிநாட்டு அழைப்பைப் பூட்டிவிடுங்கள். சிப் வந்துபோகும் வாசலான 5060 என்னும் போர்ட்டை உலகத்துக்கே திறந்து வைக்காதீர்கள்.

அவசர அழைப்பைப் பலரும் யோசிப்பதில்லை. எல்லாக் கட்டடமும் ஒரே இணைப்பு வழியாக வெளியே போனால், பதிவில் இருப்பது தலைமை அலுவலக முகவரி. இல்லத்தில் ஒருவர் மயங்கி விழுந்தால் ஆம்புலன்ஸ் அலுவலக வாசலில் வந்து நிற்கும். கட்டடத்துக்கு ஒரு வெளி எண் வாங்கி, அந்தந்த முகவரியைச் சேவை நிறுவனத்திடம் பதிய வேண்டும். லிஃப்ட் போனையும் தீ எச்சரிக்கை இணைப்பையும் அவற்றைப் பராமரிப்பவரிடம் கேட்காமல் மாற்றக் கூடாது.

யூபிஎஸ் தலைமை அறைக்கு மட்டும் போதாது. வழியில் இருக்கும் ஒவ்வொரு சுவிட்சுக்கும் வேண்டும். நடுவில் ஒன்று அணைந்தாலும் அதற்கப்பால் எல்லாப் போனும் ஊமை. வேலை முடிந்த நாளில் மெயினை அணைத்துவிட்டு, கடைக்கோடிக் கட்டடத்திலிருந்து வெளி எண்ணுக்குப் பத்து நிமிடம் பேசிப் பாருங்கள். ஒப்பந்தக்காரருக்கு மீதிப் பணம் அதற்குப் பிறகு.

இப்படிக்கு,
நெட்வொர்க் பணியாளர்கள் சிலர்