புதுக் கல்லீரல் வைத்த பிறகும் மாத்திரை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ் என்ற கல்லீரல் நோய் பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் எழுதியதற்கு நன்றி. ஆனால் கல்லீரல் மாற்று அறுவை செய்துவிட்டால் நோய் அடியோடு போய்விடும் என்று அதை முடித்திருந்ததுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. என் தங்கைக்கு அந்த அறுவை நடந்து, ஏற்காட்டில் தன் வீட்டில் நன்றாக இருக்கிறாள், பார்க்க வரும் சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் அவளிடம் கேட்பதும் இதைத்தான்: "அதான் புது ஈரல் வெச்சாச்சே, இன்னும் எதுக்கும்மா இத்தனை மாத்திரை?"

இந்த நோயில் கெட்டுப்போவது கல்லீரல், கெடுப்பது உடம்பின் சொந்த எதிர்ப்புச் சக்தி. அறுவையில் கல்லீரலை மாற்றுகிறார்கள், எதிர்ப்புச் சக்தி பழையதேதான் இருக்கிறது. அதனால் 100 பேரில் 20, 30 பேருக்குப் புதுக் கல்லீரலிலும் அதே நோய் திரும்புகிறது. எந்த நோய்க்காக மாற்றினாலும் புது உறுப்பை உடம்பு நிராகரிக்கும் ஆபத்து வேறு. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையை நேரம் தவறாமல் ஆயுள் முழுக்கப் போடச் சொல்வதும், இந்த நோய்க்காரர்களில் பலருக்குக் கொஞ்சம் ஸ்டீராய்டைத் தொடர்வதும் இதனால்தான்.

அறுவைக்கு எதிராக நான் எழுதவில்லை. மஞ்சள் காமாலை என்று கீழாநெல்லியும் பத்தியமுமாகவே அவளுக்குக் காலம் ஓடிவிட்டது, கல்லீரலில் சிறு துணுக்கு எடுத்து பயாப்சி செய்து பார்த்தபோது கல்லீரல் சுருங்கிப் போயிருந்தது. வயிற்றில் நீர் கோத்து, ரத்த வாந்தியும் எடுத்த பிறகு, மூளைச்சாவு அடைந்த யாரோ ஒருவருடைய குடும்பம் கொடுத்த கல்லீரலால்தான் அவள் உயிரோடு இருக்கிறாள். இந்த நோய்க்கு மாற்று அறுவை செய்துகொண்டவர்களில் 100-க்கு 75 பேருக்கு மேல் 5 ஆண்டுகள் தாண்டியும் வாழ்கிறார்கள், அந்த நிலைக்குப் போனவர்கள் பயந்து தள்ளிப்போடக் கூடாது.

ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அந்த நிலையே வர வேண்டியதில்லை. ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசத்தியோபிரின் என்ற இரண்டு பழைய மாத்திரைகளே போதும், விலையும் அதிகமில்லை. இந்த நோய் பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. ஸ்டீராய்டால் முகம் உப்பி, பரு வந்து, எடை ஏறியதும் கல்யாண வயசுப் பெண்ணாயிற்றே என்று வீட்டிலேயே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். டாக்டர் படிப்படியாகக் குறைக்கிற மருந்து அது. திடீரென்று விட்டால் நோய் சீறிக்கொண்டு திரும்பும்.

அப்புறம் இந்த "எதிர்ப்புச் சக்தி கூட்டும்" கஷாயம், லேகிய விளம்பரங்கள், உங்கள் பத்திரிகையிலும் வருகிறது. எதிர்ப்புச் சக்தியே கல்லீரலைத் தின்கிற நோயில் அதை இன்னும் தூண்டலாமா? சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் பாதித்து வந்தவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-லேயே எழுதினார்கள், அவர்களில் சிலருக்கு இதே நோய் உள்ளே மறைந்திருந்து வெளிப்பட்டிருந்தது. பம்பளிமாஸ் பழம்கூட டாக்ரோலிமஸ் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், மலையில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டாமா?

ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவைப் பார்க்கும் பரிசோதனைக்குக் காலை மாத்திரை போடுவதற்கு முன்பே ரத்தம் கொடுக்க வேண்டும். அதற்காக என் தங்கை விடியும் முன்னே எழுந்து, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலம் வருகிறாள். அவளைப் போன்றவர்களுக்கு மலையிலேயே ரத்தம் எடுத்துக் கீழே அனுப்பி, முடிவை போனில் சொல்ல சுகாதாரத் துறை ஓர் ஏற்பாடு செய்ய வேண்டும், உங்கள் பத்திரிகை கேட்டால் காது கொடுப்பார்கள் என்று நம்புகிறேன். அந்தக் கட்டுரைக்கும் ஒரு திருத்தம் போடுங்கள், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அம்மாபேட்டை, சேலம்.