ஹோமா பே பிள்ளைங்களுக்கு கை குடுத்த எல்லாருக்கும் எரோகமனோ

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். எங்க லுவோ பாஷைல எரோகமனோன்னா நன்றி, அத சொல்லத்தான் இந்த மடல், ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு இன்னைக்குதான் பிள்ளைங்க தூங்குனப்புறம் உக்காந்திருக்கேன்.

நானும் வீட்டுக்காரரும் பொறந்து வளந்தது கென்யால, விக்டோரியா ஏரிக்கரைல இருக்கற ஹோமா பேல. எய்ட்ஸ் எங்க பக்கம் எத்தன வீட்ட காலி பண்ணுச்சுன்னு சொல்லி மாளாது, நடுவுல இருந்த அப்பா அம்மா எல்லாம் போயிட்டு பாட்டியும் பேரப்பிள்ளைங்களும் மட்டும் மிஞ்சுன வீடு எத்தனையோ. இப்ப மாத்திரை இலவசமா கெடைக்குது, ஆனா வெறும் வயித்துல ஒரு சின்னப் பிள்ள அத எப்படி முழுங்கும்? 2003ல இருந்து அரசு ஆரம்பப் பள்ளில பீஸ் இல்லதான், யூனிபார்முக்கும் நோட்டுக்கும் எங்க போறது? இத பாத்துட்டு சும்மா இருக்க முடியாமதான் ஜெபம் பண்ணி நைரோபி வேலைய விட்டுட்டு, இந்தப் பிள்ளைங்களுக்கு கஞ்சி காய்ச்சி ஊத்த ஊருக்கு வந்தோம், கைல இருந்தது ஒரு பெரிய பானையும் ரெண்டு மூட்ட கேழ்வரகு மாவும்.

மொத நன்றி கரைல ஓமேனா காயப்போட்டு விக்கற அக்காமாருக்கு. ஓமேனான்னா நெத்திலி மாதிரி பொடி மீன், அன்னன்னைக்கு வித்தாதான் அவங்க வீட்லயே அடுப்பெரியும், ஆனாலும் வெள்ளிக்கிழம தவறாம ஒரு கோரோகோரோ, அதான் சோளம் அளக்கற ரெண்டு கிலோ தகர டப்பா, நெறைய தருவாங்க. அதுல ஒரு பாட்டி தலதட்டி அளக்கவே மாட்டாங்க, குவிச்சு வெச்சு, கீழ சிந்துனதையும் குனிஞ்சு பொறுக்கி மேல வெப்பாங்க.

2024 ஏப்ரல்ல நாடே வெள்ளத்துல தவிச்சு பள்ளிக்கூடம் தெறக்கறதே தள்ளிப்போச்சுல்ல, அப்பதான் எங்க சமையல் கொட்டாய் தகரம் பறந்துருச்சு. ஆணிக் காசு மட்டும் வாங்கிட்டு மூணு நாள் வேலை செஞ்ச தச்சர் அண்ணனுக்கும், பெட்ரோலுக்கு கூட கேக்காம கேன் கேனா தண்ணி கொண்டுவந்த பொடா பொடா, அதான் வாடகை பைக், ஓட்டற தம்பிங்களுக்கும் நன்றி. எம்-பெசால, அதான் போன்லயே பணம் அனுப்பறது, 50 ஷில்லிங், 100 ஷில்லிங்னு அனுப்புற சொந்தங்களே, ஒவ்வொரு மெசேஜ் வரும்போதும் இவர் உங்க பேர சத்தமா படிப்பாரு, பிள்ளைங்க அத்தனையும் ஆமென் சொல்லும். கொஞ்சமாத்தான் அனுப்ப முடிஞ்சுதுன்னு தயவுசெஞ்சு வருத்தப்படாதீங்க.

அப்புறம் அந்த டீச்சர். ஒரு ஏழு வயசுப் பொண்ணு கஞ்சிய குடிக்காம சோடா பாட்டில்ல ஊத்தி சட்டைக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தா, கேட்டா பாட்டிக்காம். அன்னைலருந்து பாட்டிமாருக்கும் சேத்துதான் காய்ச்சறோம், பானை பத்தலன்னு எப்படியோ கேள்விப்பட்டு டீச்சர் தன் கல்யாணத்துக்கு வந்த பெரிய பானைய கொண்டாந்து வாசல்ல வெச்சுட்டு ஒரு வார்த்த சொல்லாம போயிட்டாங்க.

நாளைக்கும் அதுலதான் கஞ்சி. மாவு ஊற வெக்கணும், போறேன். எல்லாருக்கும் எரோகமனோ.