என் அறைத்தோழனுக்குக் கைகொடுத்த எல்லாருக்கும்

அன்புள்ள அண்ணன்மார்களே, அக்காமார்களே, தம்பி தங்கைகளே,

வணக்கம். சென்ற டிசம்பர் மழையில் கிளந்தான் மாநிலத்தில் வீடு மூழ்கிப்போன என் அறைத்தோழனுக்கு நீங்கள் செய்த உதவிக்காக இந்த மடலை எழுதுகிறேன். அவன் மலாயில் எல்லாருக்கும் நன்றி எழுதி அனுப்பிவிட்டான். ஆனால் உதவியவர்களில் பெரும்பாலோர் நம் தமிழர்கள். அவர்களுக்குத் தமிழில் நாலு வார்த்தை போய்ச் சேர வேண்டும் என்று அவனே என்னிடம் கேட்டான். உங்களில் பலர் அவனை நேரில் பார்த்ததுகூட இல்லை. பினாங்கில் படிக்கும் ஒரு மலாய்ப் பையன், வீட்டில் வெள்ளம் என்று கேட்டதும் கொடுத்துவிட்டீர்கள். அதனால் அவனைப் பற்றியும் கொஞ்சம் சொல்லத் தோன்றுகிறது.

பாசிர் மாஸ் பக்கம், கோலோக் ஆற்றுக்கு அருகில் ஒரு கம்பம், அதாவது கிராமம், அவனுடையது. ஆற்றுக்கு அந்தக் கரை தாய்லாந்து. அப்பா நெல் பயிரிடுகிறார். அம்மா காலையில் பலகாரம் செய்து வீட்டு வாசலில் விற்கிறார். குடும்பத்தில் பல்கலைக்கழகம் வந்த முதல் ஆள் அவன்தான். கட்டடப் பொறியியல், இறுதி ஆண்டு. பி.டி.பி.டி.என். என்னும் அரசாங்கக் கல்விக் கடனில் படிக்கிறான், அதிலும் மிச்சம் பிடித்துத் தங்கைக்கு அனுப்புகிறான்.

விடியற்காலை சுபு தொழுகைக்கு எழும்போது என் தூக்கம் கெடக்கூடாது என்று விளக்கைப் போடமாட்டான். கைப்பேசி வெளிச்சத்திலேயே கைலியைத் தேடிக் கட்டிக்கொண்டு, தொழுகைப் பாயை ஓசையில்லாமல் விரிப்பான். வெள்ளிக்கிழமை பாஜு மெலாயு என்னும் மலாய் உடை போட்டுப் பள்ளிவாசலுக்குப் போய் வரும்போது எனக்கு ஆப்பாம் பாலிக் பலகாரம் வாங்காமல் வந்ததில்லை. ஊரிலிருந்து அவன் அம்மா செருண்டிங் (இறைச்சியை நார் நாராக்கி வறுப்பது) வறுத்து அனுப்பினால் இரண்டு டப்பா வரும். ஒன்று மாட்டிறைச்சி, இன்னொன்று கோழி. கோழி டப்பாவில் என் பெயரை எழுதி, இரண்டையும் தனித்தனிச் சட்டியில் வறுத்ததாக ஒரு சின்னத் தாளும் ஒட்டியிருப்பார். என்னை அதுவரை பார்த்தறியாத ஒரு தாய் எனக்காக இன்னொரு சட்டி வைத்தார். அதை நான் எங்கே சொன்னாலும் தொண்டை அடைக்கிறது.

புடு இல்லாமல் அவனுக்குச் சோறு இறங்காது. நெத்திலியை உப்பில் ஊறவைத்து எடுக்கும் குழம்பு அது. வாடைக்கு முதலில் மூக்கைப் பிடித்த நான், இப்போது உலாம் என்னும் பச்சைக் கீரையை அதில் தொட்டுச் சாப்பிடும் அளவுக்கு வந்துவிட்டேன். மாலையில் செப்பாக் தக்ராவ் என்னும் பிரம்புப் பந்து ஆட்டம், அவன்தான் பந்தைத் தொடங்கிவைக்கும் தெக்கோங். இரவில் மாமாக் கடையில் தே தாரிக் (இழுத்து ஆற்றிய தேநீர்) வைத்துக்கொண்டு பந்தாட்டம் பார்ப்போம். 2012-இல் கிளந்தான் அணி ஒரே ஆண்டில் மூன்று கோப்பைகளையும் வென்ற கதையை, அப்போது சிறுவனாக இருந்தவன், நேற்று நடந்தது போலச் சொல்வான்.

அவனுக்கு உயிர் என்றால் அது வாவ் பூலான்தான். நம் ஒரு ரிங்கிட் நோட்டின் பின்பக்கத்தில் இருக்கிறதே, அந்தப் பட்டம். தாத்தாவிடம் கற்றுக்கொண்டது. நன்றாகக் காய்ந்த மூங்கிலைச் சீவிச் சீவி, இறக்கையின் இரு பக்கமும் ஒரே எடை ஆகும்வரை விடமாட்டான். நடுவில் நூலைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்ப்பான். மயிரளவு சாய்ந்தாலும் மறுபடியும் கத்தி. பிறகு வண்ணத்தாளை இரண்டாக மடித்துக் கொடியும் பூவுமாக வெட்டி விரித்தால் இரு பக்கமும் அச்சு அசலாக வரும். ஒரு தாளின் மேல் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று என ஒட்டுவதால் பூவுக்குள் பூவாகத் தெரியும். தலைப்பக்கத்தில் வில் போல வளைத்து ஓலை நாடாவை இழுத்துக் கட்டுவதுதான் பூசூர். மேலே ஏறிக் காற்று பிடித்ததும் அது ஊம் என்று ரீங்கரிக்கும். கட்டடங்களின் எடைச் சமநிலையைப் பற்றி விரிவுரையாளர் சொன்னது எனக்குப் புரியாதபோது, பட்டத்தைக் கையில் எடுத்துத்தான் எனக்கு விளக்கினான். பூ வெட்டுவதற்குத் தாத்தா வைத்திருந்த பழைய மாதிரித் தாள்கள் ஒரு பிஸ்கட் டின்னில் கம்பத்து வீட்டில் இருந்தன.

படிப்பு விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்த சமயத்தில்தான் வெள்ளம் வந்தது. கால் ஊன்றி உயரக் கட்டிய பலகை வீடு, அதற்கும் மேலே தண்ணீர். குடும்பம் பள்ளிக்கூடத்து நிவாரண மையத்துக்குப் போய்விட்டது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மடிக்கணினி, புத்தகங்கள், மெத்தை, அம்மாவின் அடுப்பு, அந்த பிஸ்கட் டின், எல்லாம் சேற்றில். படிப்புப் பருவத்தை ஒத்திவைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன் என்று அவன் எனக்கு அனுப்பிய செய்தியைத்தான் நான் உங்களுக்கு அனுப்பினேன்.

பட்டர்வொர்த் லோரி அண்ணே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது? கிரிக் போய் ஜெலி இறங்கும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை நல்ல வெயிலிலேயே ஆள் அரவமில்லாத காட்டுப் பாதை. யானை கடக்கும் என்று பலகை வைத்த இடங்களைத் தாண்டி, மழையில், சம்பளம் பேசாமல் மெத்தையும் அரிசியும் கேஸ் அடுப்பும் ஏற்றிக்கொண்டு போனீர்கள். இறக்கிவைத்துவிட்டு உடனே திரும்பியிருக்கலாம். அவன் அப்பாவோடு நின்று வீட்டுக்குள் கிடந்த சேற்றை வாரிப் போட்டிருக்கிறீர்கள். "உன் அபாங் (அண்ணன்) தூங்கவே இல்லை" என்று அவன் அப்பா இன்றும் போனில் சொல்கிறார். உங்களைப் போய் என் சொந்த அண்ணன் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் மறுத்துச் சொல்லவில்லை.

மடிக்கணினி கொடுத்த ஆய்வு மாணவர் அண்ணன், அதில் வேண்டிய மென்பொருளை எல்லாம் ஏற்றியே கொடுத்தார். வகுப்புக் குறிப்புகளை ஒரு பாடம் விடாமல் நகல் எடுத்துத் தந்த தங்கைக்கும், நகலுக்குக் காசு வாங்காத கடைக்காரருக்கும் நன்றி. கேண்டீன் அக்கா, அவன் கணக்கை எழுதிக்கொள்ளச் சொல்லும்போதெல்லாம் எழுதுவது போல எழுதிவிட்டுத் தாளைக் கிழித்துப் போட்டதை நான் பார்த்தேன். அவனுக்கு இதுவரை தெரியாது, இப்போதும் நான் சொல்லப்போவதில்லை.

லிட்டில் இந்தியாவில் எழுதுபொருள் கடை வைத்திருக்கும் அக்காவைத் தனியாகச் சொல்ல வேண்டும். சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் உதவ வேண்டும் என்று எல்லாருக்கும் தோன்றும். பட்டத்துக்கான மாதிரித் தாள் போய்விட்டதே என்று யாருக்குத் தோன்றும்? உங்களுக்குத் தோன்றியது. பளபளப்புத் தாள் கட்டுக் கட்டாகக் கொடுத்ததோடு, சேற்றில் ஊறிய தாத்தாவின் மாதிரித் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, துணிக்கு நடுவில் வைத்து உலர்த்தி, கிழிந்ததைப் பென்சிலால் வரைந்து முழுமையாக்கினீர்கள். கோலம் போட்டுப் பழகிய கை. எந்தக் கொடி எங்கே திரும்பும் என்று அவன் சொல்லாமலேயே கண்டுபிடித்தீர்கள். அன்று அறைக்கு வந்தவன் நெடுநேரம் பேசவில்லை. அப்புறம் மூங்கிலை எடுத்துச் சீவத் தொடங்கினான். பருவத்தை ஒத்திவைக்கும் பேச்சு அதற்குப் பிறகு அவன் வாயில் வரவில்லை.

என் அம்மாவுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவனுக்கென்று புதுச் சட்டியும் தட்டும் வாங்கி வைத்து, தேர்வு முடியும்வரை வாராவாரம் சமைத்து அனுப்பினார். அவன் முதலில் மாக்சிக் (அத்தை) என்றுதான் கூப்பிட்டான், இப்போது அம்மா என்கிறான். தைப்பூசத்தன்று அம்மா நின்ற தண்ணீர்ப் பந்தலுக்கு வந்து, வெயிலில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போனவர்களுக்குப் பானம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். யாரும் கூப்பிடவில்லை, அவனாக வந்தான்.

தேர்வு எல்லாம் எழுதி முடித்துவிட்டான். மடிக்கணினியைப் படிப்பு முடிந்ததும் தேவைப்படும் இன்னொரு மாணவருக்குக் கொடுக்க விரும்புகிறான். யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

இன்னொன்று. நோன்புப் பெருநாளுக்கு உதவிய அத்தனை பேரையும் பாசிர் மாஸுக்கு வரச் சொல்லி அவன் அம்மா கேட்கிறார். சங்குப்பூவில் நீலமாக வடித்த நாசி கெராபு சோறு, மீன், கோழி. நம்மவர்களுக்காக அன்று மாட்டிறைச்சி சமைப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டாராம். சைவம் சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொன்னால் அதற்கும் தனிச் சட்டி உண்டு. லோரி அண்ணனோடு சேர்ந்து வருகிறவர்கள் இந்த வாரத்துக்குள் எனக்குத் தகவல் அனுப்புங்கள், வண்டிகளைப் பிரித்துக்கொள்ள வசதியாக இருக்கும்.

மனமார்ந்த நன்றியுடன்,
அவனுடைய அறைத்தோழன்,
பினாங்கு