நாய்க்குட்டி வேண்டாம்னு சொல்லாதே, அம்மிணி

அன்புள்ள அம்மிணிக்கு,

அம்மா எழுதறேன். பையன் நாய்க்குட்டி கேட்டு அழுகறான், "நாளைக்கு அது செத்துட்டா இவன் தாங்கமாட்டான், அதனால வேண்டாம்னுட்டேன்"னு போன்ல சொன்னே. அப்பவே பதில் சொல்லலாம்னு பார்த்தேன், தொண்டை அடைச்சுக்கிச்சு.

நீ தாங்கலையா கண்ணு? நம்ம நாய் மணி செத்தப்ப நீ ஆறாவது. அப்பா அவனைக் காட்டோரம் வெள்வேல மரத்தடியில புதைச்சாரு. நீ சோறு வேண்டாம்னு படுத்துக்கிட்டே. ஆனா அதுக்கு முன்னால அவன் உனக்கு என்னவா இருந்தான்னு நெனைச்சுப் பாரு. காட்டு வேலிக்கு நடுவுல போற இட்டேரி முழுக்கக் கூடவே வந்து உன்னை பஸ் ஏத்திட்டுத்தான் திரும்புவான். சாயந்திரம் பஸ் சத்தம் எனக்குக் கேக்கறதுக்கு முன்னாலயே எந்திரிச்சு ஓடிருவான். ராத்திரி ஆட்டுப்பட்டிக்குக் காவல். உன் தட்டுல இருக்கறதைக்கூட நீ கொடுத்தாத்தான் தொடுவான்.

அப்புறம் நம்ம மாடு ராசாத்தி. அவ அம்மா மயிலை, எங்கப்பா, உன் அப்புச்சி, எனக்குக் கொடுத்த சீரு. கண்ணபுரம் மாரியம்மன் தேர்ச் சந்தையில சித்திரையில பார்த்துப் பார்த்துப் புடிச்ச காங்கேயம் கிடேரி. பழையகோட்டைப் பட்டக்காரர் காத்து வளத்துன வம்சம்னு அப்புச்சிக்கு அவ்வளவு பெருமை. நேரத்துக்கு ஒன்றரை லிட்டர் கறந்தாப் பெருசு. சீமை மாடு வாங்குங்கன்னு எத்தனையோ பேரு சொன்னாங்க. பாலுக்காக மட்டுமா மாடு வளத்துறோம்?

ராசாத்தி பொறந்தப்ப நல்லாச் செவப்பு. பேரு வெச்சதே நீதான். காங்கேயம் கன்னு ஆறு மாசத்துல வெளுக்க ஆரம்பிக்கும்னு உனக்குத் தெரியாது. லீவுக்கு அம்மாயி ஊட்டுக்குப் போயிட்டு வந்தவ, கட்டுத்தரையில வெளுத்து நின்னதைப் பார்த்து, "இது நம்ம கன்னு இல்லே, சந்தையில மாத்திட்டீங்க"ன்னு ஒரே அழுகை. "பேரைச் சொல்லிக் கூப்புடு சாமி"ன்னாரு அப்பா. நீ கூப்புட்ட ஒடனே காதைத் தூக்கிக் கயித்தை இழுத்துக்கிட்டு வந்து, உப்புத்தாளாட்டம் இருக்கற நாக்குல உன் கையை நக்கினா. அன்னைக்கு உன் மூஞ்சியைப் பார்க்கணுமே!

ஆத்தாளோட எருமையும் அப்படித்தான். ஆத்தா போனதுக்கப்புறம் யாரு உக்காந்தாலும் சுரக்கலை. கடைசியில அவங்க பழைய சீலையைப் போத்திக்கிட்டுத்தான் நான் கறந்தேன். மடியில பால் எறங்குனப்ப எனக்குக் கண்ணுல தண்ணி நிக்கலை.

2017 வறட்சியில மாடு மேயற கொரங்காட்டுல கொழுக்கட்டைப் புல்லு மொளைக்கவே இல்லை. சோளத்தட்டு வெலை சொல்லி மாளாது. ஆடெல்லாம் வித்துட்டோம். ராசாத்தி பல்லு தேஞ்ச கெழவி அப்ப. யாவாரி வந்து கேட்டான். அப்பா கயித்தைக் கொடுக்கலை. நம்ம கட்டுத்தரையிலதான் கண்ணை மூடுனா. அது சரிதான்னு இன்னைக்கும் சொல்லுவேன்.

அவ பேத்தி இப்ப செனையா இருக்கா. தை மாசம் ஈனும்னு டாக்டர் சொல்றாரு. மாட்டுப்பொங்கலன்னைக்கே ஈன்றா அந்தக் கன்னு சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலுக்குச் சொந்தம். எப்படி இருந்தாலும் பாலும் மண்ணுல செஞ்ச மாட்டு உருவாரமும் கொண்டு போவோம். லீவு சொல்லிப் பையனைக் கூட்டிட்டு வா. பொங்கலுக்குப் பட்டியில சாணியில கரை கட்டித் தண்ணி விடற தெப்பக்குளத்தை மாடு மிதிச்சுத் தாண்டறதை அவன் பார்த்ததே இல்லை.

அதுக்கு முன்னால குட்டி வாங்கிக் கொடுத்துரு. வெலை போட்டு வாங்கணும்னு இல்லை, தெருவுல பொறந்ததா இருந்தாலும் போதும். தாயோட பால் மறந்த குட்டியாப் பாரு. தடுப்பூசியைத் தள்ளிப் போடாதே. வெறும் பாலா ஊத்தாம சோறும் முட்டையும் பெசைஞ்சு வை. பேரு மட்டும் அவனே வெக்கட்டும்.

இப்படிக்கு,
அம்மா