கேஸுக்கு விலை கொடுக்கிறோமா, சிலிண்டருக்கா?

பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தைகள் ஆணையத்துக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தின் ஆங்கில வடிவம் உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக வரும். தமிழிலும் எழுதக் காரணம் உண்டு. ஹாரோ, ஈஸ்ட் ஹாம், குரோய்டன் பக்கம் வீட்டு வாசலில் கேரவன் (காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் சின்ன வீடு) நிற்கும் தமிழ்க் குடும்பங்களை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். விடுமுறைக்குப் போனால் ஐந்து பேர் குடும்பத்துக்கு ஹோட்டல் வாடகை, மூன்று வேளை வெளிச்சாப்பாடு என்று கூட்டிப் பார்த்துவிட்டு, பழைய கேரவன் ஒன்றைக் கைமாற்றி வாங்கியவர்கள்தான் பெரும்பாலும். அந்தக் கணக்கில் நாங்கள் சேர்க்காமல் விட்டது கேஸ்.

எங்கள் சமையல் கொஞ்சம் கேஸ் தின்னும் சமையல்தான், மறுக்கவில்லை. புழுங்கலரிசியும் பருப்பும் குக்கரில் ஏற வேண்டும், காலையில் தோசைக்கல் காய வேண்டும், நடுவில் மூன்று தரம் டீ. ஆனால் டின் பீன்ஸைச் சூடாக்கிச் சாப்பிடும் பக்கத்துக் கேரவன்காரரும் இதையேதான் சொல்லி அலுத்துக்கொள்கிறார். குளிர்காலத்தில் ஹீட்டரையும் வெந்நீரையும் கேஸில் ஓட்டுகிறவர்கள் அவரைவிட அதிகமாகவே அலுத்துக்கொள்கிறார்கள்.

என் கையில் இருக்கும் ரசீதுகளையே சொல்கிறேன். 6 கிலோ புரொப்பேன் சிலிண்டரைக் காலி கொடுத்து நிறைந்தது வாங்க 30 பவுண்டுக்கு மேல் ஆகிறது. அதுவும் கடைக்குக் கடை வேறுபடும். கேரவன்கள் தங்கும் முகாமுக்குள் இருக்கும் கடையில் வாங்கினால் இன்னும் கூடும். நீலநிறக் குட்டி கேம்ப்பிங்காஸ் 907 இருக்கிறதே, அதில் இருப்பது 2.75 கிலோ பியூட்டேன், இன்னொரு வகை கேஸ். அதற்கும் ஏறக்குறைய அதே தொகை. கிலோ 10 பவுண்டைத் தாண்டுகிறது. இதே புரொப்பேனைத்தான் பெட்ரோல் நிலையத்தில் ஆட்டோகேஸ் என்ற பெயரில் கார்களுக்கு லிட்டர் கணக்கில் விற்கிறார்கள். நான் போடும் இடத்தில் லிட்டர் 1 பவுண்டை ஒட்டி நிற்கிறது. 6 கிலோ என்பது ஏறக்குறைய 12 லிட்டர். ஆக 12 பவுண்டுக்குள் முடிகிற விஷயம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், விலை குறைந்த அந்த ஆட்டோகேஸுக்குத்தான் வரி அதிகம். வாகன எரிபொருள் என்பதால் 2022 மார்ச்சில் குறைத்த பிறகும் கிலோவுக்கு 28.88 பென்ஸ் தீர்வை, அதற்கு மேல் 20 சதவீத வாட். வீட்டு உபயோகத்துக்கு வாங்கும் சிலிண்டருக்குத் தீர்வை கிடையாது, வாட் வெறும் 5 சதவீதம். அரசு இரண்டு பக்கமும் வாங்கிக்கொள்ளும் கேஸ் மலிவு; அரசு ஏறக்குறைய விட்டுக்கொடுத்த கேஸ் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. நடுவில் இருக்கும் பணம் எங்கே போகிறது?

சிலிண்டரைக் கழுவ வேண்டும், சோதிக்க வேண்டும், வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோக வேண்டும், கடைக்காரருக்குக் கமிஷன் தர வேண்டும், வால்வு பழுதானால் மாற்ற வேண்டும் என்று நிறுவனங்கள் சொல்லும். நியாயமான செலவுதான். பம்பில் அவற்றில் பெரும்பாலானவை இல்லை. ஆனாலும் இவ்வளவு இடைவெளியா என்று கேட்கத் தோன்றுகிறது. ஒரு கிலோ புரொப்பேனில் ஏறக்குறைய 14 யூனிட் வெப்பம் இருக்கிறது. நான் கொடுக்கும் விலையை அதால் வகுத்தால் யூனிட் 35 பென்ஸுக்கு மேல் போகிறது. வீட்டில் மின்சாரத்துக்குக்கூட நான் அவ்வளவு கொடுப்பதில்லை.

உங்களுக்கு இது புதிய விஷயம் அல்ல என்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். 2014இல் உங்கள் ஆணையம் வருவதற்கு முன், உங்கள் வேலையின் ஒரு பகுதியைப் பார்த்துவந்தது போட்டி ஆணைக்குழு. கிராமத்து வீடுகளின் தோட்டங்களில் நிற்கும் பெரிய எல்.பி.ஜி. தொட்டிகளை அது விசாரித்து 2006இல் அறிக்கை கொடுத்தது. அப்போதெல்லாம் கேஸ் நிறுவனத்தை மாற்ற வேண்டுமென்றால் பழைய நிறுவனம் வந்து தன் தொட்டியைக் கழற்றிக்கொண்டு போகும், புதியவர் வேறு தொட்டி கொண்டுவந்து இறக்குவார். இந்தத் தொல்லைக்குப் பயந்தே பலர் மாறாமல் இருந்தார்கள். விசாரணைக்குப் பின் வந்த உத்தரவுகளால் தொட்டி இருந்த இடத்திலேயே நிற்கும், உரிமை மட்டும் கைமாறும் என்று ஆனது. வாடிக்கையாளரை இரண்டு ஆண்டுக்கு மேல் ஒப்பந்தத்தில் கட்டிப்போடவும் தடை வந்தது. நல்ல வேலை. ஆனால் அந்த விசாரணை தொட்டிகளோடு நின்றுவிட்டது. கையில் தூக்கிக்கொண்டு போகும் சிலிண்டரிலும் இருப்பது அதே பூட்டுதான்.

அந்தப் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பதை எங்கள் ஆட்களுக்காகவும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை போகும்போது கேஸுக்கு ஒரு காசு, சிலிண்டர் ஒப்பந்தத்துக்குத் தனியாக ஒரு காசு. ஒப்பந்தத்துக்குப் பணம் கொடுத்தாலும் சிலிண்டர் நம்முடையது ஆகாது, என்றைக்கும் நிறுவனத்தின் சொத்துதான். அதே நிறுவனத்தின் முகவரிடம்தான் மாற்ற முடியும். வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கப் போனால், ஆண்டு கூடக் கூடத் திரும்பி வரும் தொகை தேய்ந்திருக்கும். ரசீதைத் தொலைத்திருந்தால் அதுவும் சந்தேகம். இத்தனைக்கும் சிவப்பு புரொப்பேன் சிலிண்டர்களில் இருக்கும் மறை, இடப்பக்கம் திருகினால் இறுகும் அந்த மறை, பெரிய நிறுவனங்களுக்கு எல்லாம் ஒன்றேதான். ஒருவர் சிலிண்டரைக் கழற்றிவிட்டு இன்னொருவருடையதை அதே குழாயில் மாட்டலாம். தொழில்நுட்பத் தடை ஏதும் கிடையாது. தடை காகிதத்தில் மட்டும் இருக்கிறது. (பியூட்டேன் பக்கம் வால்வு அளவுகளே பலவிதம்; அங்கே நிஜமாகவே ரெகுலேட்டரை மாற்ற வேண்டிவரும். அதோடு பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டியே ஆவியாக மறுத்துவிடும். மார்ச் மாதம் ஸ்காட்லாந்து போகிறவர்கள் நீலத்தை நம்பிப் போகாதீர்கள்.)

ஊரோடு ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. இந்தியாவில் மாதம் பிறந்தால் சிலிண்டர் விலை செய்தித்தாளில் வரும். இண்டேன், பாரத், எச்.பி. எதுவாக இருந்தாலும் சென்னையில் வீட்டு சிலிண்டருக்கு ஒரே விலை. ஒரு நிறுவனத்தில் இருந்து இன்னொன்றுக்கு இணைப்பை மாற்றிக்கொள்ளும் வசதியையும் 2014இலேயே அறிவித்துவிட்டார்கள். நடைமுறையில் ஏஜென்சிக்காரர் முகத்தைச் சுளிப்பார், அது வேறு கதை. இலங்கையிலும் 12.5 கிலோ சிலிண்டர் விலை ஏறினாலும் இறங்கினாலும் அன்றைய இரவுச் செய்தியில் வந்துவிடும். இங்கே இன்றைய விலை என்ன என்று தெரிய நாலு கடைக்குப் போன் போட வேண்டியிருக்கிறது.

சரி, மாற்று வழி இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. நாமே வாங்கி நாமே நிரப்பிக்கொள்ளும் சிலிண்டர்கள். கேஸ்லோ போன்றவை எஃகில் வருகின்றன. கேரவனின் கேஸ் பெட்டிக்குள் பட்டை போட்டு நிரந்தரமாகப் பொருத்திவிட்டு, வெளிச்சுவரில் ஒரு நிரப்பு வாய் வைத்துக்கொள்ளலாம். சேஃப்ஃபில் போன்றவை கண்ணாடியிழையில் வருகின்றன. எடை குறைவு, உள்ளே திரவம் எவ்வளவு இருக்கிறது என்று வெளியில் இருந்தே பார்க்கலாம். கேஸ் இன்னும் இரண்டு நாள் வருமா என்று சிலிண்டரைத் தூக்கி ஆட்டிப் பார்க்கும் வேலை இல்லை. இவற்றின் உயிர்நாடி 80 சதவீத வால்வு. திரவம் அந்த அளவுக்கு வந்ததும் தானாக அடைத்துக்கொள்ளும். மீதி 20 சதவீதம் வெயிலில் திரவம் விரிவதற்கான இடம்.

நான் பொருத்தியிருப்பது நிரந்தர வகை. பம்பின் முனையை நிரப்பு வாயில் வைத்துத் திருப்பி, நெம்புகோலைப் பூட்டிவிட்டு, பம்பில் இருக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். கையை எடுத்தால் நின்றுவிடும். எண்கள் ஓடும், 80 சதவீதம் நெருங்கும்போது மெல்ல நகரும், பிறகு நகராது. முனையைக் கழற்றும்போது புஸ்ஸென்று கொஞ்சம் வெண்புகை வரும், கையுறை இல்லாவிட்டால் விரல் விறைக்கும். மொத்தமே ஐந்து நிமிட வேலை. ஆனால் பொத்தானை அழுத்தும் முன்பே ஒலிபெருக்கியில் குரல் வந்துவிடுகிறது: “சிலிண்டர் நிரப்பக் கூடாது.” உள்ளே போய், இது கடையில் காலி கொடுத்து மாற்றும் சிலிண்டர் அல்ல, வெளியே வாய் இருக்கிறது பாருங்கள், 80 சதவீதத்தில் அடைக்கும் என்று விளக்க வேண்டும். போன மாதம் சரி என்ற அதே நிலையத்தில் இந்த மாதம் வேறு ஆள், வேறு பதில். அந்தப் பையனைக் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சந்தேகம் வந்தால் மறுத்துவிடு என்பதுதான் அவனுக்குக் கிடைத்த உத்தரவு.

அவன் பயமும் பொய்யில்லை. நிறுவனத்துக்குச் சொந்தமான, காலி கொடுத்து மாற்றும் சிலிண்டரையே பம்பில் நிரப்பப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கான பித்தளை இணைப்பை இணையத்தில் வாங்குகிறார்கள். அந்த சிலிண்டரில் 80 சதவீத வால்வு கிடையாது. ஆலையில் எடை போட்டு நிரப்புவார்கள், பம்பில் எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. விளிம்புவரை நிரப்பியதை வெயிலில் நிற்கும் கேரவனுக்குள் வைத்தால் என்ன ஆகும் என்பதை எழுத எனக்கு விருப்பமில்லை. எங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் ஒருவர் இந்த யோசனையைப் போட்டார். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். ஆனால் ஆணையத்துக்கு ஒன்று சொல்வேன்: ஒரே கேஸுக்கு இத்தனை விலை வித்தியாசம் இருக்கும்வரை இந்த யோசனை யாருக்காவது வந்துகொண்டேதான் இருக்கும்.

சொந்த சிலிண்டர் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. சிலிண்டர், குழாய், நிரப்பு வாய், பொருத்தும் கூலி என்று எனக்கு 300 பவுண்டுக்கு மேல் போனது. ஒரு நிரப்புக்கு 20 பவுண்டு மிச்சம் என்றால் பதினைந்து பதினாறு நிரப்புக்குப் பிறகுதான் லாபம் தொடங்கும். கோடையில் மட்டும் இரண்டு சிலிண்டர் எரிக்கும் குடும்பம் ஏழெட்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். அதற்குள் கேரவனையே விற்றுவிடுவார்கள். பிரான்ஸ், ஸ்பெயின் என்று போகிறவர்களுக்கு வேறு ஆதாயம் உண்டு. அங்கே கேம்ப்பிங்காஸைத் தவிர நம் சிலிண்டரை மாற்றித் தர ஆளே இல்லை, ஆனால் நாட்டுக்குத் தகுந்த இணைப்பு முனை ஒன்றைப் பையில் வைத்திருந்தால் பம்பில் நிரப்பிக்கொள்ளலாம்.

இப்போது பெரிய கவலை, பம்புகளே குறைந்து வருவது. எல்.பி.ஜி.யில் ஓடும் கார்கள் குறைந்துவிட்டன, மின்சாரக் கார்களுக்கு இடம் வேண்டும், அதனால் பல நிலையங்களில் ஆட்டோகேஸ் தொட்டியை எடுத்துவிட்டார்கள். நான் வழக்கமாகப் போட்டுவந்த நிலையத்தில் இப்போது சார்ஜர் நிற்கிறது. எதிர்ப்பதற்கு ஒன்றுமில்லை, அதுவும் தேவைதான். ஆனால் கார் வாங்குபவருக்கு மாற்று எரிபொருள் கிடைத்துவிட்டது. கேரவன்காரர் மறுபடியும் அதே ஒற்றைக் கடையில் சிலிண்டர் அடுக்கிய கம்பிக்கூண்டுக்குப் போய் நிற்க வேண்டும்.

2023 ஜூலையில் பெட்ரோல் நிலையங்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டு, ஒவ்வொரு நிலையமும் தன் விலையை உடனுக்குடன் வெளியிட வேண்டும் என்று பரிந்துரைத்தவர்கள் நீங்கள். அது பெட்ரோலுக்கும் டீசலுக்கும்தான். அதே ஏற்பாட்டில் சிலிண்டர் விலையையும் சேருங்கள்: கிலோவுக்கு எவ்வளவு என்று, முகவர்வாரியாக. சூப்பர்மார்க்கெட்டில் சீஸ் பாக்கெட்டின் கீழே கிலோ விலை போட்டிருக்கும்போது சிலிண்டர் கூண்டின் மேல் ஏன் போடக் கூடாது? அடுத்து, புரொப்பேன் சிலிண்டரைப் பொறுத்தவரை எந்த நிறுவனத்தின் காலியையும் எந்த முகவரும் வாங்கிக்கொள்ள வேண்டும், கணக்கை நிறுவனங்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளட்டும். தொட்டிக்குச் செய்ததைத்தான் கேட்கிறேன், புதிதாக எதுவும் இல்லை. ஒப்பந்தத் தொகை எத்தனை ஆண்டுக்குப் பிறகு எவ்வளவு திரும்பும் என்பதை வாங்கும்போதே ரசீதில் அச்சிடச் சொல்லுங்கள்.

பம்பு விவகாரம் முழுக்க உங்கள் கையில் இல்லை என்று தெரியும். இருந்தாலும் பாதுகாப்பு விதிகளை எழுதும் துறைகளோடும் எரிவாயுத் தொழில் சங்கத்தோடும் நீங்கள் பேசினால் கேட்பார்கள். 80 சதவீத வால்வும் வெளி நிரப்பு வாயும் உள்ள சிலிண்டருக்கு அனுமதி உண்டு, மற்றதற்கு இல்லை என்று படத்தோடு ஒரு தாளை ஒவ்வொரு ஆட்டோகேஸ் பம்பிலும் ஒட்டச் சொல்லுங்கள். ஒலிபெருக்கியில் கத்தும் பையனுக்கும் அது உதவும்.

ரசீதுகளின் நகல்களை ஆங்கிலக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். இதைப் படிக்கும் கேரவன்காரர்கள் தங்கள் ரசீதுகளையும் ஆணையத்துக்கு அனுப்பலாம். கடை இருக்கும் ஊர், தேதி, கிலோ, விலை தெளிவாகத் தெரிந்தால் போதும்.

இப்படிக்கு,
ஹாரோவில் இருந்து ஒரு கேரவன்காரர்