பொன்னாடை போர்த்திய என் ஊராருக்கு

கேரளத்துப் பாலக்காட்டுச் சீமையில் தமிழ் பேசும் கொழிஞ்சாம்பாறை வட்டாரத்துச் சொந்தங்களுக்கு வணக்கம்.

1971 போர் வெற்றி நாளான டிசம்பர் 16 அன்று மேடையில் உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்தினீர்கள். பேசச் சொன்னபோது தொண்டை அடைத்துக்கொண்டது. அன்று சொல்ல முடியாததை எழுதுகிறேன்.

1971-இல் பாகிஸ்தானோடு நடந்த அந்தப் போரில், எல்லைக்கு அப்பால் ஷக்கர்கர் பகுதியில், பசந்தர் ஆற்றங்கரையில், கண்ணிவெடியில் என் இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. கண்ணி அகற்றி வெள்ளை நாடா கட்டியிருந்த தடம் வழியாக என்னைத் தோளில் சுமந்து வந்தவன் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். "தூங்கிராதீங்கண்ணே, உங்க ஊருக்குப் பக்கத்து ஊர் பேரெல்லாம் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே நடந்தான். வேலந்தாவளம், ஒழலப்பதி, எருத்தேம்பதி, கோபாலபுரம் என்று நான் முனகிக்கொண்டே வந்தேன். முடிந்ததும் முதலிலிருந்து சொல்லச் சொன்னான். அதற்குப் பிறகு அவனைப் பார்க்கவில்லை. எங்கிருந்தாலும் நன்றாயிருக்கட்டும்.

புனேயில் 1944 முதல் இயங்கும் ராணுவச் செயற்கை உறுப்பு மையத்தில் கால் பொருத்திக்கொண்டு, மறுவருஷம் ஒலவக்கோட்டில், இப்போதைய பாலக்காடு ஜங்ஷனில், ரயிலிறங்கினேன். என் கடிதங்களை அம்மாவுக்குப் படித்துக் காட்டிய தமிழ் வாத்தியாருக்கும், மலையாளம் எழுத வராத எனக்குப் பென்ஷன் மனுக்களை எழுதித் தந்த டீச்சரம்மாவுக்கும் என் நன்றி.

இனிச் சொல்லவேண்டியவர், சந்தைத் திண்ணையில் செருப்புத் தைத்தவர். பொய்க்காலின் தோல் வார் அறுந்தால் புனே வரைக்கும் எப்படிப் போவது? சித்திரை வெயிலில் வெட்டுப்பட்ட இடம் வீங்கிக் கொப்புளம் கட்டும். அவர் அந்தப் பொய்க்காலை மடியில் வைத்து, உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்து, எங்கே உறுத்துகிறது என்று என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பார். பழைய கம்பளியை வெட்டி உள்ளே வைத்துத் தைப்பார். "நாலு எட்டு நடந்து காட்டுங்க சாமி" என்பார். சரியாக நடக்கும்வரை விடமாட்டார். இப்படி இருபது வருஷத்துக்கு மேல்.

சின்ன வயதில் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன். பட்டாளத்திலிருந்து வந்த பிறகுதான் "அண்ணா" என்று வாய் வந்தது. அந்தக் குறை இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது.

நீங்கள் போர்த்திய பொன்னாடையை நேற்று அவர் மகனிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அண்ணாவின் படத்துக்குப் பக்கத்தில் மடித்து வைத்தான். நீங்கள் யாரும் வருத்தப்பட மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

உங்கள்,
முன்னாள் காலாட்படை ஜவான்